மூன்று ஆண்டுகளின் பெறுமதி

“இனி விட்டு என்ன பயன்?” என்னும் கேள்வியை நாம் மூவர் வாயிலாகக் கேட்டிருக்கின்றோம். ஒருவர், சுருட்டுச் சுற்றிக் குடும்பத்தைக் காத்த எமது தந்தையார். மற்றவர், முற்போக்கு நூல்களை முதன்முதலில் எமது கையில் தந்த மூத்த தோழர் ஒருவர். மூன்றாவது ஆள் நாமே. மூவரும் நெடுங்காலம் புகைத்தவர்கள். மூவருள் இருவர் அப்பழக்கத்தை விட்டோம், ஒருவர் விடவில்லை. புகைத்தலின் தீமைகளைப் பற்றிப் போதனை செய்வதற்கு எமக்குத் தகுதி குறைவு. அத்தலைப்பில் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பழக்கிவிட்டு, பாடவேளை முடிந்ததும் மதிலோரம் ஒதுங்கிச் சிகரட் பற்றவைத்த ஆசிரியர்களுள் நாமும் ஒருவர். ஆகவே போதனையை விடுத்து, அந்தக் கேள்விக்கு எமக்குக் கிடைத்த விடையை மாத்திரம் இங்கு கூற விரும்புகின்றோம்.

எமது தந்தையார் 1967 ஆம் ஆண்டில், தமது 14 ஆவது வயதில், சுருட்டுக் கொட்டிலுக்கு வேலைக்குப் போனார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அக்காலத்திற் சுருட்டுத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. செம்மண் தோட்டங்களில் விளைந்த புகையிலையை உலர்த்திப் பாடம்பண்ணிக் கொட்டிலுக்குக் கொண்டுவருவர். ஆடவர் வரிசையாக நிலத்தில் அமர்ந்து அதனைச் சுற்றுவர். அவர்கள் சுற்றிய சுருட்டு, தெற்கே சிங்களக் கிராமங்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக் கடைகள் வரை சென்றது. கூலியோ ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. கை ஓய்ந்தால் கூலியும் ஓயும். விடியற்காலை தொடக்கம் பொழுதுபடும்வரை கை ஓயாது உழைத்தவர்களுக்கு வாய்க்கு மாத்திரம் ஓய்விருந்தது. பக்கத்திற் குவிந்து கிடக்கும் சுருட்டில் ஒன்றை எடுத்துப் பத்துவதை எவரும் தடுத்ததில்லை. தந்தையார் 16 வயதிற் பத்தத் தொடங்கினார்.

அக்கொட்டிலைப் பற்றி அவர் சொல்லும்போதெல்லாம் அவருடைய முகம் மலர்வதைக் கண்டிருக்கின்றோம். அங்கே ஒருவர் நடுவில் அமர்ந்து பத்திரிகையை உரத்து வாசிப்பாராம். மற்றவர்கள் சுற்றியபடியே கேட்பார்களாம். இடையிடையே விவாதமும் நடக்குமாம். ஐந்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திய தந்தையார், வியட்நாம் யுத்தத்தையும் நாட்டின் தேர்தல்களையும் தொடர்கதைகளையும் செவிவழியாக அறிந்தது அங்கேதான். “எனக்குப் பள்ளிக்கூடம் கொட்டில்தான் தம்பி” என்பார். கியூபா நாட்டின் சுருட்டு ஆலைகளில் இத்தகைய வாசிப்பு 1865 ஆம் ஆண்டு முதலாக நிலவியது என்பதைப் பின்னாளில் நாம் நூல்களிற் கண்டபோது, எமது ஊரின் ஓலைக் கொட்டில் பற்றிப் பெருமிதங் கொண்டோம்.

ஆதலால், புகையிலையைச் சபிப்பது எமக்கு எளிதன்று. எமது பாடசாலைச் சீருடையும், புத்தகங்களும், பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்ட நாளில் மடியில் முடிந்து தரப்பட்ட பணமும் அவ்விலையிலிருந்து வந்தவை. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின்னர் ஊருக்குத் திரும்பியபோது கொட்டில் இருந்த இடத்தில் வெறுந்தரைதான் எஞ்சியிருந்தது. தந்தையார் வீட்டுத் திண்ணையில் இருந்து, ஒரு கடைக்காரருக்காகச் சுருட்டுச் சுற்றி எம்மைப் படிக்கவைத்தார். அவர் உழைப்பின் மணம் எதுவென்று கேட்டால், இன்றும் எமக்குப் புகையிலையின் மணமே நினைவுக்கு வரும்.

நாம் புகைக்கத் தொடங்கியதோ பசியினாலன்று, வேலைக் களைப்பினாலுமன்று. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராயிருந்த காலத்தில், வாயிலுக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையின் பின்புறத்தில், தனிச் சிகரட் வாங்கி நண்பர் மூவர் பகிர்ந்து புகைத்தோம். யுத்தம் உச்சமடைந்திருந்த 2008 ஆம் ஆண்டு அது. மேற்கூறிய மூத்த தோழர் அக்கடைக்கு வருவார். கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர், நிறைய வாசித்தவர். எமக்கு உலக இலக்கியத்தையும் அரசியற் பொருளாதாரத்தையும் அறிமுகஞ் செய்தவர் அவரே. ஒரு கையில் நூலும் மறு கையிற் சிகரட்டுமாக அவர் பேசும் தோரணையில் நாம் மயங்கினோம். சிந்தனைக்கும் புகைக்கும் ஏதோ உறவிருப்பதாக எண்ணினோம். உண்மையில் அவருடைய சிந்தனை அவருடைய வாசிப்பிலிருந்து வந்தது. நாம் முதலிற் கற்றுக்கொண்டதோ அவருடைய இருமலை.

அவர் ஓர் அரிய முயற்சியில் ஈடுபட்டிருந்தார். சுருட்டுத் தொழிலாளரின் கூலிப் போராட்டங்கள் பற்றியும், கொட்டில்களில் நடந்த வாசிப்புப் பற்றியும், முதிய தொழிலாளரைத் தேடிச் சென்று கேட்டு அப்பியாசக் கொப்பிகளில் எழுதி வந்தார். ஏட்டிலேறாத ஒரு வரலாறு அது. எமது தந்தையாரிடமும் இரண்டு முறை வந்து, திண்ணையில் அமர்ந்து, இருவரும் புகைத்தபடியே பேசினர்.

2016 ஆம் ஆண்டிற் தந்தையாருக்கு 63 வயது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். வைத்தியசாலையின் கிளினிக்குக்கு அவரை அழைத்துச் சென்றோம். குழாயொன்றில் ஊதச் சொல்லிப் பரிசோதித்த வைத்தியர் ஓர் இளம்பெண். எத்தனை ஆண்டுகள் புகைத்தீர்கள் என்று அவர் வினவ, தந்தையார் கூச்சமின்றி விடை சொன்னார்:

“நாப்பத்தேழு வருசம் பத்தினனான் பிள்ளை. இனி விட்டென்ன, விடாட்டி என்ன?”

அந்த வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு காகிதத்தின் பின்புறத்தில் மேலிருந்து கீழே சரியும் இரண்டு கோடுகளை வரைந்தார். ஒன்று மெல்லச் சரிந்தது. மற்றது செங்குத்தாக விழுந்தது. “வயது போகப் போக எல்லாருக்கும் சுவாசப்பையின்ர பலம் குறையும் ஐயா. இந்த மேல்கோடு புகைக்காத ஆக்களின்ரது. இந்தக் கீழ்க்கோடு உங்களின்ரது. நீங்கள் இண்டைக்கு விட்டால், இந்த இடத்திலயிருந்து உங்களின்ர கோடும் மேல்கோடு மாதிரி மெதுவாச் சரியும். போனது திரும்பி வராது. ஆனால் மிச்சம் இருக்கிறது இந்த வேகத்தில போகாது.”

அவர் வரைந்த கோடுகள் மருத்துவ உலகிற் பெயர்பெற்றவை என்பதை நாம் பின்னரே அறிந்தோம். லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் வேலைசெய்த 792 ஆடவரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, சாள்ஸ் ஃபிளெச்சர், றிச்சாட் பீற்றோ என்னும் ஆய்வாளர் இருவர் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின் சாரம் அது. புகையினாற் பாதிக்கப்பட்ட சுவாசப்பை இழந்ததை மீளப் பெறுவதில்லை. ஆயினும் புகைத்தலை நிறுத்தியவரின் இழப்பு, ஏறத்தாழப் புகைக்காதவரின் இழப்பின் வேகத்துக்குக் குறைந்துவிடுகின்றது. ஆகவே எவ்வயதில் நிறுத்தினாலும், அதன் பின்னுள்ள ஆண்டுகளில் ஒருவர் நடப்பாரா, படுக்கையிற் கிடப்பாரா என்பது அதனால் மாறக்கூடும்.

“விட்டால் எத்தினை வருசம் கூட இருப்பன்?” என்று தந்தையார் கேட்டார். கூலி பேசும் தொழிலாளியின் கேள்வி அது.

வைத்தியர் சிறிது தயங்கி, “ஒரு ஆளுக்கு இவ்வளவு எண்டு சொல்லேலாது ஐயா. ஆனால் அறுபது வயதில விட்ட ஆக்களுக்கு, சராசரியா மூண்டு வருசம் கூடக் கிடைச்சிருக்கு” என்றார்.

அந்த மூன்று என்ற எண்ணின் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கின்றது. அதனை இங்கு சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இங்கிலாந்திற் சுவாசப்பைப் புற்றுநோய் பெருகியது. அதன் காரணத்தைக் கண்டறியும் பணி ஒஸ்ரின் பிரட்போட் ஹில், றிச்சாட் டொல் என்னும் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. டொல் இளமையிற் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராய் இருந்தவர். ஒரு சமுதாயத்தின் நோய் அதன் வாழ்க்கை முறையோடு தொடர்புடையது என்பதை உணர்ந்த வைத்தியர். அவர்தாமும் புகைப்பவராகவே இருந்தார். மோட்டார் வாகனங்களின் புகையோ வீதியிற் பரவும் தாரோ காரணமாயிருக்கலாம் என்பதே அவருடைய முதலாவது ஊகம். ஆனால் லண்டன் வைத்தியசாலைகளில் விசாரித்தபோது, சுவாசப்பைப் புற்றுநோய் கண்ட 649 ஆடவருள் இருவர் மாத்திரமே புகைக்காதவர் என்பது தெரியவந்தது. 1950 ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. ஆய்வு நடந்துகொண்டிருக்கையிலேயே, தமது முப்பதுகளின் பிற்பகுதியில், டொல் புகைத்தலை நிறுத்திவிட்டார். 2005 ஆம் ஆண்டில், 92 ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. 1951 ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய புகைக்கும் பழக்கத்தை விசாரித்தனர். 34,439 ஆண் வைத்தியர்களின் வாழ்வும் மரணமும் 50 ஆண்டுகள் பின்தொடரப்பட்டு, 2004 ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களை விடச் சராசரியாக ஏறக்குறைய 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 60 வயதில் நிறுத்தியவர்கள் ஏறக்குறைய 3 ஆண்டுகளையும், 50 வயதில் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டனர். 30 வயதில் நிறுத்தியவர்களோ இழக்கவிருந்த 10 ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுவதுமாக மீட்டனர். முந்தி நிறுத்தியவருக்குப் பெரும்பங்கும் பிந்தி நிறுத்தியவருக்குச் சிறுபங்கும் கிடைத்தன. வெறுங்கையோடு அனுப்பப்பட்ட வயது அக்கணக்கில் இல்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பி வந்த தந்தையார் திண்ணையிற் நெடுநேரம் பேசாதிருந்தார். உள்ளே எமது தமக்கையாரின் கைக்குழந்தை அழும் குரல் கேட்டது. பிறந்து நான்கு மாதம். தந்தையார் மெல்லச் சொன்னார்: “மூண்டு வருசமெண்டால், இவளுக்கு ஏடு தொடக்கிற வயசு.”

அன்று மாலை, சுற்றுவதற்கு வைத்திருந்த இலைக்கட்டைக் கடைக்காரரிடமே திருப்பி அனுப்பினார். அதனால் வீட்டுக்கு வருமானம் குறைந்தது. எமது சம்பளத்தில் அதனை ஈடுசெய்ய முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிழைப்பும் பழக்கமும் ஒரே பொருளாய் இருக்கும் தொழிலாளிக்கு, ‘விட்டுவிடு’ என்ற ஒரு சொல் போதாது. விட்ட பின்னர் உலையில் என்ன வைப்பது என்பதற்கும் விடை வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் அவர் பட்ட பாட்டை நாம் அருகிருந்து பார்த்தோம். நிக்கொட்டின் என்னும் பொருளுக்குப் பழகிய மூளை, அது கிடையாதபோது அமைதியிழக்கும். தூக்கம் கெட்டது, சினம் வந்தது, தேநீரைக் குடித்துவிட்டுக் கை தானாக மடியைத் தடவிற்று. இருமலும் முன்னதிலும் கூடியதுபோலத் தோன்றியது. புகையினாற் செயலிழந்திருந்த சுவாசக் குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் இயங்கி அழுக்கை வெளியேற்றும்போது சிலருக்கு அவ்வாறு நேரும் என்று வைத்தியர் முன்னரே கூறியிருந்தார். மூன்றாம் வாரத்திலிருந்து தணிந்தது. சில மாதங்களின் பின்னர் ஒரு நாள், கிணற்றடியிலிருந்து வாளியோடு நிற்காமல் வந்தார். வந்து, எவருக்கும் எதுவும் சொல்லாமல், வாளியை வைத்துவிட்டுப் போனார்.

2019 ஆம் ஆண்டு விசயதசமியன்று, தட்டிற் பரப்பிய அரிசியில் பேர்த்தியின் விரலைப் பிடித்து அவரே ‘அ’ எழுதுவித்தார்.

அதே ஆண்டிற்றான் தோழர் மறைந்தார். அவருக்கு 2017 ஆம் ஆண்டில், 58 ஆவது வயதில், மாரடைப்பு ஏற்பட்டது. புகைத்தலை நிறுத்தும்படி வைத்தியர்கள் வற்புறுத்தினர். நாம் பார்க்கச் சென்றபோது அவர் சிரித்துக்கொண்டு, “நாப்பது வருசத்துப் புகை உள்ளுக்கிருக்கு. இனி விட்டு என்ன பயன்? உடம்பைப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறது மத்தியதர வர்க்கத்துப் புத்தி” என்றார். நாமும் சிரித்தோம். அவர் எமக்கு ஒரு சிகரட் நீட்ட, நாம் வாங்கிக்கொண்டோம். தந்தையார் விட்டு ஓராண்டு கடந்திருந்தது. அவரைப் பற்றி நாம் தோழரிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. அன்று பேசாதிருந்ததற்கு எமது கையிலிருந்த சிகரட்டே காரணம் என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றோம்.

இருதய நோய் கண்ட பின்னரும் நிறுத்துவதிற் பயனுண்டா என்று பின்னர் தேடிப் படித்தோம். 20 ஆய்வுகளைத் தொகுத்து 2003 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று, அந்நோய் கண்ட பின் புகைத்தலை நிறுத்தியவர்களின் மரண ஆபத்து, தொடர்ந்து புகைத்தவர்களுடையதிலும் 36 வீதம் குறைந்திருந்ததாகக் காட்டுகின்றது. நிறுத்தியிருந்தால் தோழர் இன்று இருந்திருப்பார் என்று நாம் கூறவில்லை. ஒரு தனிமனிதரின் மரணத்துக்குச் சராசரிக் கணக்குச் சாட்சி சொல்லாது. ஆனால் அவர் 14 அப்பியாசக் கொப்பிகளை விட்டுச் சென்றார். பதினான்காவது கொப்பியின் பாதிப் பக்கங்கள் வெறுமையானவை. அவர் இன்னும் சந்திக்கவேண்டியிருந்த முதிய தொழிலாளரின் பெயர்ப்பட்டியல் பின்னட்டையில் இருந்தது. ஓராண்டு கூடக் கிடைத்திருந்தாலும் அவ்வரலாறு நிறைவெய்தியிருக்கக்கூடும். தமது உடம்பைப் பேணுவதைச் சுயநலமென்று கருதிய அம்மனிதர், அவ்வுடம்பை நம்பியிருந்த வேலையை மறந்துபோனார்.

இத்தனையும் கண்ட பின்னரும் நாம் விடவில்லை என்பதை எழுத வெட்கமாயிருக்கின்றது. நாளொன்றுக்குப் பத்தாயிருந்ததை மூன்றாகக் குறைத்து, அதனை ஒரு வெற்றியாகக் கொண்டாடினோம். நாளுக்கு ஒரு சிகரட் மாத்திரம் புகைப்பவருக்கும், இருபது புகைப்பவருக்கு இருதய நோயினால் நேரும் மேலதிக ஆபத்தில் ஏறக்குறைய அரைப்பங்கு உண்டென்று 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று கூறுகின்றது. குறைத்தல் விடுதலாகாது என்பதை நாம் அப்போது அறியோம், அறிய விரும்பவுமில்லை.

2022 ஆம் ஆண்டு வந்தது. எரிபொருள் இல்லை, வரிசைகள் மாத்திரம் இருந்தன. மோட்டார்ச் சைக்கிளைத் திண்ணையிற் சாத்திவிட்டு, தந்தையாரின் பழைய துவிச்சக்கர வண்டியில் ஏழு மைல் தூரத்திலுள்ள பாடசாலைக்குச் சென்றோம். சோழகக் காற்று எதிரே வீசிய ஒரு காலைப் பொழுதில், பாதி வழியில் இறங்கி, மதகொன்றில் அமர்ந்து, மூச்சுக்குத் திணறினோம். எமக்கு அப்போது 34 வயது. எமது வகுப்பு மாணவன் ஒருவன் பின்னால் வந்து இறங்கி நின்றான்.

“சேர், ஏதும் செய்யுதோ? சைக்கிளை நான் உருட்டிக்கொண்டு வரட்டோ?”

அவனை எமக்கு நன்கு தெரியும். முந்திய தவணையில் ‘புகைத்தலின் தீமைகள்’ என்ற கட்டுரையில், மற்ற மாணவர் எல்லாரும் நாம் சொல்லிக் கொடுத்த வாக்கியங்களையே எழுதியிருக்க, அவன் மாத்திரம், புகைப்பவர்களுக்கு அது கெடுதி என்பது தெரியும் என்றும், தெரிந்தும் ஏன் விடமுடியவில்லை என்பதைப் பற்றி எவரும் வகுப்பிற் சொல்வதில்லை என்றும் எழுதியிருந்தான். அக்கட்டுரைக்கு நாம் நல்ல புள்ளி இட்டோம். கேள்விக்கு விடை கூறவில்லை. அன்று மதகில் அமர்ந்திருந்தபோது அவன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எமது வண்டியைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான்.

அம்மாதமே நிறுத்தினோம். அதற்கு முன் இருமுறை முயன்று தோற்றிருந்தோம். நிறுத்தியவர்களுட் பலர் அவ்வாறு தோற்றவர்களே என்பதை அறிந்தது எமக்குத் துணையாயிற்று. அவா எழும்போது அது சில நிமிடங்களே நிலைக்கும். அந்நிமிடங்களைக் கடத்துவதற்குத் தண்ணீரோ, நடையோ, ஒரு மனிதரோ வேண்டும். எமக்கு அம்மனிதர் தந்தையார். “மூண்டாம் நாள்தான் பொல்லாதது. அதைத் தாண்டு” என்றார். தாண்டினோம்.

உடம்பு எவ்வளவு விரைவாக மன்னிக்கின்றது என்பது வியப்புக்குரியது. நிறுத்தி 20 நிமிடங்களில் இருதயத் துடிப்புக் குறையத் தொடங்குகின்றது. ஒட்சிசனுக்குரிய இடத்தைக் குருதியிற் பிடித்துக்கொண்டிருந்த காபனோரொட்சைட்டு ஒரு நாளளவில் இயல்பான அளவுக்கு இறங்குகின்றது. வாரங்கள் சிலவற்றிற் குருதியோட்டமும் மூச்சும் சீரடைகின்றன. ஓராண்டில் முடியுரு இருதய நோயின் மேலதிக ஆபத்து ஏறக்குறைய அரைவாசியாகின்றது. பத்து ஆண்டுகளிற் சுவாசப்பைப் புற்றுநோயின் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருடையதில் ஏறக்குறைய அரைவாசியாகின்றது. நாம் அனுபவித்தது இவற்றிற் சிறுபகுதியே. ஆயினும் அடுத்த ஆண்டுச் சோழகத்தில் அந்த மதகைத் தாண்டி இறங்காமற் சென்றோம்.

இனி, எம்மைப் போன்ற சிந்தனையுடைய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்று கூறல் வேண்டும். இவ்விஷயத்தில் நாம் இரண்டு தவறுகளைச் செய்து வந்திருக்கின்றோம். ஒன்று, இதனை ஒழுக்கக் குறைபாடாகக் கருதித் தொழிலாளியைக் கண்டிப்பது. மற்றது, இதனை அற்ப விஷயமென்று தள்ளி, சமுதாயம் மாறினால் இதுவும் மாறுமென்று சொல்லிக்கொண்டு, கையிலுள்ள சிகரட்டைப் பற்றவைப்பது. உலகிற் புகையிலையால் ஆண்டுதோறும் மரணமடைவோர் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். புகையிலை பாவிப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் எமது நாட்டைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். இதனை அற்பமென்று தள்ளுவோர் எதனைப் பெரிதென்று கொள்வர்?

புகையிலை வாணிபத்தின் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். டொல், ஹில் போன்றோரின் முடிவுகள் வெளியானதும், 1954 ஆம் ஆண்டு சனவரி 4 ஆந் திகதி அமெரிக்கக் கம்பனிகள் நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வெளியிட்டன. தங்கள் பண்டங்கள் தீங்கற்றவை என்று தாம் நம்புவதாக அதிற் கூறின. மக்கள் மனத்தில் ஐயத்தை விதைத்து அவை பல தசாப்தங்கள் இலாபம் ஈட்டின. அக்கம்பனிகள் பொதுமக்களை ஏமாற்றியமையை 2006 ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றமே தீர்ப்பாக உரைத்தது. அதே ஆண்டில் எமது நாட்டிலும் சட்டமொன்று இயற்றப்பட்டு, 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலை விற்பதும் அதனை விளம்பரஞ் செய்வதும் தடைசெய்யப்பட்டன. 2015 ஆம் ஆண்டு முதற் சிகரட் பெட்டியின் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் மூடின. இன்று புகை தீங்கற்றதென்று எவரும் நம்புவதில்லை. ஆயினும் விற்பனை நிற்கவில்லை. ஐயம் பலிக்காத இடத்தில் இப்போது விரக்தி பலிக்கின்றது. ‘காலங்கடந்துவிட்டது, இனி விட்டென்ன’ என்று புகைப்பவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும்போது, விளம்பரச் செலவின்றியே விற்பனை நடக்கின்றது. விதியென்று வறுமையை ஏற்பவரோடு வாதிடும் நாம், விதியென்று நோயை ஏற்கும்போது மௌனமாயிருப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆசிரியர்கள் முதலிற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ‘புகைத்தலின் தீமைகள்’ என்ற தலைப்போடு, ‘விடுவது எவ்வாறு, விட்டால் வருவது என்ன’ என்பதையும் வகுப்பிற் பேசுவோம். அம்மாணவர்கள் வீட்டுக்குச் சென்று சொல்லும் செய்தி, புகைக்கும் தந்தையை இழிவுபடுத்துவதாய் இல்லாமல், அவர் கணக்குப் பார்க்கத்தக்க ஒரு செய்தியாய் இருக்கட்டும். வைத்தியர்களும் அதற்குரிய மருந்துகளும் இருக்கின்றன. ‘இவர் விடமாட்டார்’ என்று நாம் முடிவுகட்டிய முதியவருக்கும் அவை உரியவை.

தோழரின் 14 கொப்பிகள் இப்போது எமது மேசையில் இருக்கின்றன. அவருடைய குடும்பத்தினர் தந்தவை. தந்தையார் எழுபதைக் கடந்துவிட்டார். வைத்தியர் சொன்ன மூன்று ஆண்டுகள் நிறைந்து நெடுங்காலமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் திண்ணையில் அமர்ந்து, கொட்டிலில் எவர் வாசித்தார், எவர் முதலிற் கூலி கூட்டிக் கேட்டார், முதலாளி என்ன சொன்னார் என்பவற்றை அவர் சொல்ல, பதினான்காவது கொப்பியின் வெறும் பக்கங்களில் நாம் எழுதுகின்றோம். பேர்த்தி பக்கத்தில் இருந்து எழுத்துப் பிழை பார்க்கின்றாள். அவர் இடையிடையே மூச்சு வாங்குவதற்கு நிறுத்துவார். நாம் பேனாவைக் கீழே வைக்காமற் காத்திருப்போம். பின்னர் தொடர்வார்.